பொதுவாக ஒரு ஏழை

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. கேட்டார்கள், எழுதினேன்.

ஊரில் ஒரு வறுமை ஒழிப்புச் சங்கம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் இல்லாதவர்களுக்கு மளிகைப் பை கொடுப்பார்கள். வருடத்தில் ஒரு நாள், இருப்பவர்களிடம் நிதி திரட்ட விழா எடுப்பார்கள். விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு ஒரு கதை. சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இனிமையான மனிதர். நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் உதவியையே கேட்பார்.

“உங்க நாவல் எல்லாம் எங்க வீட்டுல படிப்பாங்க மேடம். கடைசியில எல்லாரும் ஒண்ணு சேந்துடுவாங்க. அந்த மாதிரி ஒண்ணு வேணும். ஏழ்மை இருக்கணும், ஆனா படிச்சு முடிச்சதும் மனசு லேசாகணும். அடுத்தாப்பல சாப்பாடு போடறோம் பாருங்க.”

சரி என்றேன். மனத்தை லேசாக்குவதுதான் என் தொழில்.

மறுநாள் ஒரு பெட்டி வந்தது. காகிதச் சுருள்களுக்கு நடுவில் ஒரு பொம்மை. விழாவில் விற்கப்போகும் நினைவுப் பொருளாம். பார்த்தால் எனக்குக் கதை வருமாம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பெண். தலையைச் சுற்றிச் சால்வை. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, சிரிப்பு மட்டும் இருக்கிறது. முழங்கையில் துணிப்பை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலின் விரல்களால் கெண்டைக்காலைச் சொறிந்துகொள்கிறாள். அந்தக் கால் ஒரு ஸ்பிரிங்கில் இருக்கிறது. விரலால் சுண்டினால் சொறியும்.

சுண்டினேன். சொறிந்தது. இன்னொரு முறை சுண்டினேன். ஒப்புக்கொள்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

செயலாளரைக் கூப்பிட்டு, “இது யாரைப் பாத்துச் செஞ்சது?” என்று கேட்டேன்.

“யாரையும் பாத்து இல்ல மேடம். பொதுவா ஒரு ஏழை.”

கதை அங்கேதான் பிடித்துக்கொண்டது. நான் இத்தனை வருஷமாகக் குடும்பக் கதை எழுதுகிறவள். பொதுவாக ஒரு மாமியாரை இதுவரை நான் சந்தித்ததில்லை. பொதுவாக ஒரு நாத்தனார் எந்த வீட்டிலும் கிடையாது. அரிக்கிற காலைப் பொதுவாக யாரும் சொறிவதில்லை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிதான் சொறிவார்கள். இந்தப் பொம்மையை வரைந்தவள் யாரையோ பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. ஆகவே உண்டாக்கிக்கொண்டேன்.

இனி வருவதில் பொம்மை மட்டும் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “மழை பெய்து ஓய்ந்த அந்த மாலையில், ஜன்னலோரம் நின்ற சின்னவளின் மனத்தில்...”

(விட்டுவிட்டேன். என் நாவல்களில் பாதி மழை ஓய்ந்த மாலையில்தான் தொடங்குகின்றன. மழைக்கே சலித்துப்போயிருக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: “வறுமை என்பது...”

(இதைச் செயலாளர் மேடையில் பார்த்துக்கொள்வார்.)

மூன்றாவது: “அம்மாவுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் வெறுங்கையோடு வர மாட்டாள். சின்னவள் வீட்டை விட்டே போக மாட்டாள்.”

இது இருக்கட்டும்.

சின்னவள் படம் வரைந்து பிழைப்பவள். பல் ஆஸ்பத்திரிக்குச் சிரிக்கும் பல், சலவைக் கடைக்குக் குளிக்கும் சட்டை, பூச்சிமருந்து டப்பாவுக்கு மூர்ச்சையாகும் கரப்பான். எதற்கும் கைகால் முளைக்க வைத்துச் சிரிக்க வைத்துவிடுவாள். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவளும் ஒரே வீடு. படுக்கையறையில் பாதி கட்டில், பாதி கம்ப்யூட்டர்.

பெரியவள் கல்யாணம் ஆகி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். அவள் கணவரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். “அதைவிடப் பெரிய இடத்துல பேசிட்டு இருக்கார்” என்று பெரியவள் சொன்னாள். அதையும் எல்லோரும் நம்பினார்கள். நம்பிவிட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை, பாருங்கள். அவர் இன்னமும் தினம் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே போய்க்கொண்டுதான் இருந்தார்.

பெரியவள் வாரம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வருவாள். வரும்போது ஒரு பை. அரிசி, பருப்பு, சர்க்கரை, ஒரு பாட்டில் எண்ணெய் என்று ஏதாவது அதில் இருக்கும். அம்மா அதை வாசலிலேயே வாங்கி, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உரக்கச் சொல்வாள்:

“எதுக்குடி இதெல்லாம்! நாங்க என்ன இல்லாமலா கெடக்கோம்?”

உள்ளே வந்ததும் சின்னவளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்: “பாத்துக்கோ. பெரியவ எவ்வளவு கஷ்டத்துலயும் வெறுங்கையோட வர மாட்டா.”

எவ்வளவு கஷ்டத்திலும் என்று அம்மா சொன்னது பேச்சுக்குத்தான். கஷ்டம் என்று ஒன்று இருக்கிறது என்று அவள் நினைக்கவில்லை.

3

சங்கத்தின் அலுவலகம் ஒரு மாடி அறை. இரும்பு பீரோக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அட்டைப்பெட்டிகள், ஒரு கால் ஆடும் நீண்ட மேஜை. விழாவில் விற்கும் நினைவுப் பொருளுக்காகச் சின்னவள் சில யோசனைகளை வரைந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். சேவை என்பதால் கூலி கிடையாது, டீ உண்டு.

முதல் யோசனை, வெளியே இழுத்துவிட்ட காலிச் சட்டைப் பை ஒன்று நாக்கைத் துருத்திச் சிரிப்பது.

“இது என்னைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கே,” என்றார் பொருளாளர் அம்மா.

அது போயிற்று. கண்சிமிட்டும் குடை, வயிற்றைத் தடவும் டப்பா, எல்லாம் போயின.

“மனுஷங்க வேணும்,” என்றார் செயலாளர். “ஏழைன்னு தெரியணும். ஆனா பாவமாத் தெரியக்கூடாது.”

“பாவமாத் தெரியலேன்னா யாரு வாங்குவா?”

“கிழிஞ்ச துணி வேண்டாம். அதெல்லாம் பழைய ஸ்டைல்.”

“ஒரே ஒரு ஒட்டு போட்டுக்கலாம். பூ மாதிரி.”

“ஒல்லியா வேண்டாம், குழந்தைங்க பயப்படும்.”

“குண்டா வச்சா பட்டினின்னு நம்ப மாட்டாங்களே சார்.”

“நடுவாந்தரமா வைங்க. முக்கியமா, சிரிக்கணும்.”

“முகம் வேண்டாம்னு முடிவு பண்ணினோமே? கண்ணியம்னு.”

செயலாளர் யோசித்தார். “முகம் வேண்டாம். சிரிப்பு மட்டும் இருக்கட்டும்.”

மாதிரிக்காகச் சில புகைப்படங்களையும் கொடுத்தார். பை வாங்க வரிசையில் நிற்பவர்கள். எல்லாம் பின்னாலிருந்து எடுத்தவை. யார் முகமும் தெரியாது. சின்னவள் அந்த முதுகுகளைக் கம்ப்யூட்டரில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தாள். சோர்ந்த முதுகு, விறைத்த முதுகு, குழந்தை தொங்கும் முதுகு. எதுவும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிறகு அது வந்தது. சால்வை போர்த்திய ஒரு பெண், சுற்றி யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் அதைச் சொறிந்துகொண்டிருந்தாள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்தவள் கையை எடுக்காமல் வரைந்து முடித்தாள். எத்தனையோ வருஷம் வரைந்து பழகிய உருவம் மாதிரி கோடு தானாக ஓடியது.

அடுத்த கூட்டத்தில் மாதிரிப் பொம்மை மேஜையைச் சுற்றி வந்தது. ஆளாளுக்குச் சுண்டினார்கள். பொருளாளர் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே பெயரும் வைத்தாயிற்று: கொக்கம்மா. அடியில் ‘துணை நிற்போம்’ என்று எழுதினார்கள்.

4

இங்கே வார்ப்புக்காரர் வருகிறார். அவரைப் பற்றி நான் உங்களை எச்சரிக்க வேண்டும்.

ஒரு மோட்டார் ஷெட்டின் பின்பக்கம் அவர் பட்டறை. முழங்கை வரை வெள்ளைத் தூள். சின்னவளின் படத்தைப் பொம்மையாக்கி, அந்தக் காலுக்கு ஸ்பிரிங் வைத்தவர் அவர்தான். “சும்மா நின்னா ஒரு நாள் பாப்பாங்க. சொறிஞ்சா தினம் பாப்பாங்க,” என்றார்.

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: “அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தபோது, தூள் படிந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்...”

(நிறுத்து. பழக்கதோஷம். என் வாசகிகள் அவரைப் பார்த்ததும் பாயசம் வைக்கத் தயாராகிவிடுவார்கள் என்று தெரியும். மன்னியுங்கள். இந்தக் கதையில் அவருக்கு ஸ்பிரிங் வேலை மட்டும்தான்.)

5

மாதிரிப் பொம்மையைச் சின்னவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சமையலறை மேடையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“சுண்டிப் பாரு,” என்றாள் சின்னவள்.

அம்மா ஈரக் கையாலேயே சுண்டினாள். கால் சொறிந்தது. அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அடிப்பாவி! இது நம்ம பெரியவ இல்ல?”

“எது?”

“இந்தக் கால்தான்! ஸ்கூல் பிரேயர்ல நிக்க வச்சா இப்படித்தான் நிப்பா. டீச்சர் ஸ்கேலால அந்தக் கால்லயே போடுவாங்க. அடி வாங்கின இடம் அரிக்குதுன்னு திருப்பி அதையே சொறிவா.”

“ஆமாம்மா!” சின்னவளும் சிரித்தாள். “கல்யாண போட்டோலகூட ஒரு செருப்புதானே தெரியும்!”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணுக்குக் கால்ல ஏதாவது கோளாறான்னு தனியா வந்து கேட்டாங்க.” அம்மா கண்ணீர் வரச் சிரித்தாள், வெங்காயமும் சேர்ந்துகொண்டது. “அக்காவை வச்சா வரஞ்ச? வாயைத் தொறக்கவே இல்லயே, கள்ளி.”

“இல்லம்மா. இது வந்து, அங்க வரிசையில...”

வாக்கியம் அங்கேயே நின்றது.

[இந்த இடத்தில் ‘கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருந்தது’ என்று ஒரு வரி எழுதினேன். அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். அழகான வரி எதையும் செயலாளர் பனியனில் அச்சடித்துவிடுவார்.]

சின்னவள் அறைக்குப் போய்ப் புகைப்படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். சால்வை யாருடையதோ. முதுகு எவருடையதாகவும் இருக்கலாம். காலைச் சொறிகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்தி முடிக்கும் நேரத்தில், வேறொரு பை கண்ணில் பட்டது. ஏற்கெனவே பை வாங்கிக்கொண்டு விலகிய ஒருவர் அந்தச் சால்வைப் பெண்ணுக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் பையிலிருந்து ஒரு பாட்டில் எட்டிப் பார்த்தது. லேபிள் இல்லாத பாட்டில், மஞ்சள் மூடி.

சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் அதே பாட்டில். லேபிள் இல்லை. மஞ்சள் மூடி.

“அம்மா, இந்த எண்ணெய்...”

“உங்க அக்கா கொண்டாந்ததுதான். நல்ல எண்ணெய். கடையில கெடைக்காதாம். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்ச கம்பெனியில இருந்து நேரா வருதாம்.”

(பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். துப்பறியும் கதை வாடை அடிக்கிறதே என்று கூச்சமாக இருந்தது. ஆனால் பாட்டில் இல்லாவிட்டால் சின்னவள் நிச்சயம் தப்பித்துவிடுவாள். யாரோ ஒருத்தி என்று முடிவு செய்துகொண்டு போய்ப் படுத்துவிடுவாள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் தப்பிக்கக்கூடாது என்றுதான் பாட்டிலைத் திரும்ப வைத்தேன்.)

ஆக, அக்கா இல்லாதவர்களின் வரிசையில் நின்று வாங்கியதை, இருக்கிற அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு வராதவள் என்ற பெயர் கெடக்கூடாது என்பதற்காக. தங்கை அந்த எண்ணெயில் வதக்கியதைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, வறுமையை ஒழிக்கும் பொம்மைக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா, அக்கா இரண்டு பேருடைய வீடும் ஒரே நேரத்தில் இடிந்திருக்கும்.

அம்மா வெங்காயத்துக்குத் திரும்பியிருந்தாள். “சனிக்கிழமை விழாவுக்கு அவளையும் வரச் சொல்லப்போறேன். பொம்மையையும் அசலையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துடலாம். ஜனங்க ஆச்சரியப்படுவாங்க.”

6

சின்னவள் செயலாளரைக் கூப்பிட்டாள்.

“சார், கொக்கம்மா வேண்டாமே. அந்தக் குடையே வச்சுக்கலாமா?”

“என்ன மேடம், போஸ்டரே ஒட்டியாச்சே! ஏன், என்ன பிரச்சினை?”

“அந்தக் கால்... சீக்கிரம் உடைஞ்சிடும்னு தோணுது.”

செயலாளர் பொறுப்பானவர். உடனே வார்ப்புக்காரரையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொண்டார்.

“என் கால் உடையாது சார்,” என்றார் வார்ப்புக்காரர். “லாரி ஏத்தினாலும் கீழ கெடந்து சொறியும்.”

“கேட்டீங்களா மேடம்? வேற ஏதாவது காரணம் இருக்கா?”

இருந்தது. ஒற்றை வாக்கியம்தான். சொன்னால் பொம்மை அந்த நிமிஷமே நின்றுவிடும். ஆனால் செயலாளர் உருகிவிடுவாரே. நல்லவர், அதுதான் பயம். அக்கா வீட்டு வாசலுக்கே பையை அனுப்புவார். மலரில் ஒரு பக்கம் ஒதுக்குவார், ‘நம்மில் ஒருவரின் சகோதரி’ என்று தலைப்புப் போட்டு, கண்ணியமாக, முகம் தெரியாமல். அக்காவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பொம்மை ஆக்கியதற்கு மேல் அதையும் செய்யச் சின்னவளுக்கு வாய் வரவில்லை.

“இல்ல சார். சும்மா ஒரு சந்தேகம்.”

“கவலையே படாதீங்க. பிரமாதமாப் போகும். எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கோம், போறப்ப வர்றப்ப எல்லாரும் ஒரு சுண்டு.”

7

இதுவரை நான் சின்னவளின் தோள்மேல் உட்கார்ந்தே கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரியவள் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. குடும்பக் கதைக்காரிக்கு வீட்டுக் கூடம்தான் பழக்கம்; வரிசையில் நின்று பழக்கமில்லை. ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பை கொடுக்கும் இடம் ஒரு பழைய கிடங்கு. வெளிச்சுவரை ஒட்டி வரிசை. அன்று காலையில்தான் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை ஈரம் காயவில்லை. ஆள் உயரத்துக்குக் கொக்கம்மா. பெரியவள் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல ஒரு கால் மேலே போயிருந்தது.

பின்னால் நின்ற பெண்கள் போஸ்டரையும் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள்.

“என்னக்கா, உங்களுக்குச் சிலை வச்சுட்டாங்க போல!”

பெரியவள் திரும்பினாள். போஸ்டரைப் பார்த்தாள். காலைக் கீழே இறக்கினாள்.

“சிலைன்னா மாலை போடணும்டி. இவங்க சொறிய விட்டிருக்காங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். “ராயல்டி கேளுங்கக்கா, ரெண்டு பையாத் தரச் சொல்லுங்க,” என்றாள் ஒருத்தி. “கேக்கறேன், நீ கால் வலிக்காம நில்லு,” என்றாள் இவள். வரிசையில் பெரியவளுக்கு நல்ல பெயர் இருந்தது. வாயாடி என்று எல்லோருக்கும் பிடிக்கும். அந்த வாயாடியை அம்மா வீட்டில் யாரும் பார்த்து வருஷக்கணக்காகிறது.

பிறகு போஸ்டரின் கீழ் ஓரத்தில், எறும்பு போல, படம் வரைந்தவரின் பெயரைப் பார்த்தாள்.

தங்கை ஏதோ ஒரு விழாவுக்குப் பொம்மை செய்கிறாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். எந்த விழா என்று பெரியவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று சொல்லி வரிசையை விட்டு விலகினாள். “நான் இடம் பாத்துக்கறேன்க்கா, போய்ட்டு வாங்க,” என்றாள் பின்னால் இருந்தவள். பெரியவள் திரும்பி வரவில்லை.

8

இதுவரை எழுதியதைச் செயலாளருக்கு அனுப்பினேன். அன்றைக்கே கூப்பிட்டார்.

“நல்லா இருக்கு மேடம். ஆனா இதுல ஒரு செயலாளர் வர்றாரே...”

“கற்பனைங்க.”

“இல்ல, அந்த ‘பாவமாத் தெரியக்கூடாது’... அதை நான் நிஜமாவே கூட்டத்துல சொன்னேன். யாரு உங்ககிட்ட சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. கற்பனை பலித்துவிட்டால் எழுத்தாளருக்குப் பெருமையாக இருக்க வேண்டும். நான் மேஜைமேல் இருந்த பொம்மையைக் கவிழ்த்து வைத்தேன். அப்படியென்றால் மற்றதும்?

“சரி விடுங்க,” என்றார் பெருந்தன்மையாக. “முடிவு மட்டும் கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சிரிக்கணும்.”

முயன்று பார்க்காமல் இல்லை.

செயலாளரின் முடிவு: விழா மேடை. பெரியவள் பொம்மையைச் சுண்டி, “ஆமாம், இது நான்தான்!” என்கிறாள். கைதட்டல். கொக்கம்மா முழுவதும் விற்றுத் தீர்கிறது. எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். (பெரியவளும்தான். அவள் எந்த வரிசையில் தட்டை ஏந்தி நிற்கிறாள் என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது.)

என் வழக்கமான முடிவு: வார்ப்புக்காரர் பெரியவளின் கணவருக்குப் பட்டறையில் வேலை போட்டுக்கொடுத்து, சின்னவளின் கையையும்... (அவருக்கு ஸ்பிரிங் வேலை மட்டும்தான் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

கோபமான முடிவு: சின்னவள் சுத்தியலோடு பட்டறைக்குப் போய் அச்சை உடைக்கிறாள். எழுதும்போது கை சூடாக இருந்தது, நன்றாகவும் வந்தது. ஆனால் உடைந்தது அச்சு. பெரியவள் கேட்கப்போகும் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஆமாம், ஒரு கேள்வி இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஒரு பக்கம் முழுக்க ஓட்டிவிட்டேன். வரிசையை விட்டு விலகிய பெரியவள் அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறாள். பொம்மை விற்கட்டும், விற்காமல் போகட்டும். அவளுக்கு அது பொருட்டில்லை.

9

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் பெரியவள் வந்தாள். கதவைத் திறந்த அம்மாவின் கண் முதலில் அவள் கைக்குத்தான் போனது.

“என்னடி, ஒண்ணும் கொண்டாரலயா?”

குத்திக் கேட்கவில்லை. குடை எடுத்துட்டு வரலயா என்று கேட்பது மாதிரி, போகிற போக்கில் கேட்டாள்.

“வர்ற வழியில கடை மூடியிருந்துதும்மா.”

“அதனால என்ன. உள்ள போ, உன் தங்கச்சி ரூம்லதான் இருக்கா. டீ போடறேன்.”

சின்னவள் காலடிச் சத்தம் கேட்டு மேஜையிலிருந்த பொம்மையை உள்ளங்கையால் மூடினாள். பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். சின்னவள் கையை எடுத்துவிட்டாள்.

“உக்காருக்கா.”

“இருக்கட்டும்.”

பெரியவள் நின்றாள். இரண்டு பாதமும் தரையில், பக்கத்தில் பக்கத்தில், யாரோ கோடு கிழித்து நிறுத்தி வைத்தது மாதிரி. சின்னவள் பிறந்ததிலிருந்து அக்கா அப்படி நின்று பார்த்ததில்லை.

பெரியவள் பொம்மையை எடுத்தாள். சுண்டவில்லை. திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் படித்தாள். மறுபடி நேராகப் பிடித்தாள்.

“நல்லா வந்திருக்கு.”

“அக்கா...”

“பை மட்டும் தப்பு. நான் வலது கையிலதான் மாட்டிக்குவேன்.”

அவ்வளவுதான் அவள் ஒப்புக்கொண்டது. சின்னவளும் தலையை ஆட்டினாள், ஏதோ அச்சுப்பிழையைத் திருத்திக்கொள்கிறவள் மாதிரி. சமையலறையில் டம்ளர்கள் மோதும் சத்தம் கேட்டது.

பெரியவள் பொம்மையை மேஜையில் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான்னு தெரிஞ்சுதான் வரஞ்சியா?”

இதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

‘தெரியும்’ என்றால், தங்கை அக்காவை வரிசையில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்த எண்ணெயை வாங்கி வைத்துக்கொண்டு, அவளை ஊரே சுண்டி விளையாடும் பொம்மை ஆக்கியிருக்கிறாள். இது பொய். ஆனால் இந்தப் பொய்யில் ஒரு ஆறுதல் உண்டு. இத்தனை நாளாக வீட்டில் ஒருத்திக்காவது பெரியவளின் கஷ்டம் தெரிந்திருந்தது என்று ஆகும்.

‘தெரியாது’ என்பது உண்மை. அதைச் சொன்னால் கேலி செய்த பழி போகும். பதிலுக்கு வேறொன்று வந்து உட்காரும். அக்காவின் முதுகைப் பார்த்து, கோடு போட்டு, நாள் கணக்காக வண்ணம் தீட்டி, அத்தனைக்குப் பிறகும் அது அக்கா என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியது அம்மாவுக்கு, அதுவும் விளையாட்டாக. யாரோ ஒரு ஏழையின் முதுகில் அக்கா இருப்பாள் என்று தேடிப் பார்க்க அவளுக்கு அவசியமே இருக்கவில்லை.

எது குறைவாக வலிக்கும்? எனக்குத் தெரியவில்லை. என் கைவசம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எழுந்து ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொள்வது. இரண்டு பேரும் அழுவார்கள், உங்களுக்கும் கண் கலங்கும், சாப்பாட்டு மணி அடிக்கும். கட்டிக்கொண்டால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் என் நாவல்களில் இத்தனை பேரை இத்தனை தடவை கட்டிக்கொள்ள வைத்திருக்கிறேன் என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது. பெரியவளை அப்படி வாயடைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டுவிட்டாள், பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே செயலாளரைக் கூப்பிட்டு, மலரில் கதையின் கடைசியில் ஒரு வரி காலியாக விடச் சொன்னேன்.

“காலியாவா? அச்சுக்காரர் தப்புன்னு நெனச்சுக்குவாரே மேடம். அந்த எடத்துல ஒரு சின்ன விளம்பரம் போட்டுக்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். படிக்கிறவர்கள் எழுதிக்கொள்வார்கள் என்றேன். “ஓ, போட்டியா! நல்ல ஐடியா. பரிசு குடுக்கலாமா?” என்றார். அதற்கும் வேண்டாம் என்றேன்.

எனவே, இனி உங்கள் கை. பேனா இல்லாவிட்டால் மனத்தில் எழுதினாலும் போதும். நிறைய இடம் இல்லை, நேரமும் இல்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையை விட்டுக் கிளம்பிவிட்டாள். விளக்கம் எழுதாதீர்கள், விளக்கத்தைப் பெரியவள் நம்ப மாட்டாள். எழுதியதை அழிக்காதீர்கள். சின்னவளாலும் அழிக்க முடியாது.

“சொல்லுடி. அம்மா வர்றா.”

“..............................”